கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட்

கல்லினும் வலிது கான்கிரீட் என்பது மக்கள் பலருடைய எண்ணம். ஒருமுறை வார்த்துவிட்டால் அது நூறாண்டு நிற்கும், பின்னர் அதனை ஏறெடுத்தும் பார்க்க வேண்டுவதில்லை என்றே யாமும் எண்ணியிருந்தோம். சென்ற ஐப்பசித் திங்களின் அடைமழையில், பேட்டையிலுள்ள எங்கள் இல்லத்துச் சன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடின் அடிப்புறம் ஓரடி நீளத்திற்குப் பெயர்ந்து திண்ணையில் விழுந்தது. இறையருளால் அவ்வேளை ஆங்கு ஒருவரும் இல்லை. மறுநாள் வந்த கொத்தனார் சுத்தியலால் அங்குமிங்கும் தட்டிப் பார்த்து, ஓசை மாறிய இடமெல்லாம் உள்ளே கம்பியில் துரு ஏறியிருக்கிறது என்று காட்டினார். மேலே அடித்திருந்த வெள்ளை மட்டும் புதிதுபோல் விளங்கிற்று. பல்லாண்டுகளாக உள்ளே நடந்துவந்த கேட்டினை அவ்வெள்ளைப் பூச்சு எம் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

இதனை எண்ணியிருந்த நாளில், கான்கிரீட்டின்மேல் பூச்சே வேண்டா, அதன் மேனி உள்ளவாறே தோன்றுதல் வேண்டும் என்னும் கொள்கையுடன் கட்டடங்கள் அமைத்த ஒருவருடைய வரலாற்றைக் கற்க நேர்ந்தது. அவர் ஐரோப்பாவிற் பிறந்தவர், அமெரிக்கக் குடியானவர், ஜப்பானிற் புகழ் பெற்றவர், நம் தமிழ்க் கடற்கரையைச் சார்ந்த புதுச்சேரியில் ஓர் அரிய கட்டடத்தை விட்டுச் சென்றவர். அன்டோனின் ரேமண்ட் என்னும் அக்கலைஞரின் வாழ்க்கையையும், அவர் கட்டடங்கள் சில நின்றதற்கும் சில அழிந்ததற்கும் உரிய காரணத்தையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

செக் நாட்டின் பகுதியாகிய பொஹீமியா, அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ஆங்கே நிலக்கரித் தொழிலும் இரும்புத் தொழிலும் ஓங்கிய கிளாட்னோ என்னும் ஊரில், 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அன்டோனின் ரைமன் என்பது. தந்தையார் கடை வைத்து வாணிகம் செய்தவர். சிறுவனாய் இருந்தபோதே அன்னையாரை இழந்தார். பின்னர்த் தந்தையாரின் வாணிகமும் நொடித்தது. அதன்மேல் குடும்பத்தினர் பிராக் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அந்நகரிலே கட்டடக்கலை பயின்ற அவ்விளைஞர், 1910-இல் தமது இருபத்திரண்டாம் வயதில் கடல் கடந்து நியூயார்க் சேர்ந்தார்.

அமெரிக்காவில்

நியூயார்க்கில் காஸ் கில்பர்ட் என்னும் பெரிய கட்டடக் கலைஞரிடம் அவருக்கு வேலை கிடைத்தது. அப்போது அக்கலைஞர் வுல்வொர்த் மாளிகையை எழுப்பிக்கொண்டிருந்தார். 1913-இல் முற்றுப்பெற்ற அம்மாளிகை 792 அடி உயரமுடையது; பல்லாண்டுகள் உலகின் மிக உயர்ந்த மாளிகையாக விளங்கியது. அதன் உள்ளுடல் எஃகுச் சட்டம். மேற்போர்வையோ பழைய தேவாலயங்களைப் போலச் சுட்ட மண்ணால் செய்த அணிகள். அவ்வணிகளுக்கு வரைபடம் வரைவது நம் இளைஞரின் தொழில்களுள் ஒன்று. அதே நிலையத்தில் புரூக்ளின் பகுதிக்குரிய ஒரு பெருங்கிடங்கின் வேலையிலும் அவர் ஈடுபட்டார். அக்கிடங்கு கான்கிரீட்டாலானது. உள்ளொன்றும் புறமொன்றுமாக அமைந்த மாளிகையையும், தன்னை ஒளியாது நின்ற கிடங்கையும் அடுத்தடுத்துக் கண்ட அவர், கான்கிரீட்டின் இயல்பை அங்கேதான் கற்கத் தொடங்கினார்.

1914-இல் ஓவியம் பயில இத்தாலி சென்றார். முதல் உலகப் போர் மூண்டமையால் திரும்ப நேர்ந்தது. திரும்பி வந்த கப்பலில் நோயெமி பெர்னெசென் என்னும் பிரெஞ்சு நாட்டுப் பெண்மணியைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே இருவரும் மணந்தனர். ஓவியத்திலும் அறைகலன் அமைப்பிலும் தேர்ந்த அவ்வம்மையார், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணவரின் ஒவ்வொரு முயற்சியிலும் உடன் உழைத்தவர். ஒருவர் பெயரால் வழங்கும் கட்டடங்கள் பல உண்மையில் இருவர் கைவண்ணம் என்று கொள்ளத்தகும். 1916-இல் இருவரும் பிராங்க் லாயிட் ரைட் என்னும் புகழ்பெற்ற கலைஞரின் டாலியசின் பண்ணையில் தங்கி வேலை செய்தனர். அவ்வாண்டளவில் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, தம் பெயரையும் ரேமண்ட் என்று மாற்றிக்கொண்டார்.

ஜப்பானும் நிலநடுக்கமும்

டோக்கியோ நகரில் இம்பீரியல் ஹோட்டல் என்னும் பெருவிடுதியைக் கட்டும் பொறுப்பு ரைட்டுக்குக் கிடைத்தது. அவருக்குத் துணையாக 1919-ஆம் ஆண்டின் இறுதியில் ரேமண்ட் தம்பதியர் ஜப்பான் சென்றனர். ஆசிரியரின் அணிமிகுந்த பாணியைத் திரும்பத் திரும்ப வரைவதில் ரேமண்டின் உள்ளம் சலித்தது. ஜப்பானிய உழவரின் எளிய வீடுகளோ அவரைக் கவர்ந்தன. அவ்வீடுகளில் தூண் தூணாகவே தெரியும். மரம் மரமாகவே இருக்கும். வண்ணம் பூசி எதனையும் மறைப்பதில்லை. 1921-இல் ஆசிரியரை விட்டு நீங்கித் தமக்கெனத் தனி நிலையம் அமைத்துக்கொண்டார்.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் பெருநிலநடுக்கம் தாக்கிற்று. சமையல் வேளையாதலின் அடுப்புத் தீ பரவி மரவீடுகள் பலவற்றைச் சூழ்ந்தது. மாண்டவர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவர். நடுக்கத்திற்கும் நெருப்புக்கும் ஈடுகொடுக்கும் வீடு எது என்பது அன்று அந்நாட்டினர் எல்லார்க்கும் உயிர் வினாவாயிற்று. இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டே அதற்கு விடை என்று ரேமண்ட் துணிந்தார்.

1924-இல் டோக்கியோவின் ரெய்னன்சாகா என்னும் மேட்டில் தமக்கென ஒரு வீட்டை அவர் அமைக்கத் தொடங்கினார். அதன் சுவர்கள் உள்ளும் புறமும் பூச்சற்ற கான்கிரீட்டாலானவை. வார்ப்புக்கு நிறுத்திய சென்ட்ரிங் பலகையின் மரவரிகள் சுவரிலே அப்படியே பதிந்து நின்றன. பாரிஸை அடுத்த லெ ரென்சி என்னும் ஊரில் அகஸ்து பெரே என்பார் 1923-இல் முடித்த தேவாலயம் போன்ற சிலவே அதற்கு முன்னர் இவ்வகையில் எழுந்தவை. வாழும் வீட்டை இங்ஙனம் அமைத்தவருள் ரேமண்ட் உலகிலேயே முன்னோடிகளில் ஒருவர் ஆவார். பூச்சுள்ள சுவரில் கொத்தரின் பிழையைப் பின்னால் மறைத்தல் கூடும். பூச்சில்லாச் சுவரிலோ கலவை இளகியது, பலகை விலகியது, தட்டிச் செறிக்காமல் விட்டது எல்லாம் என்றும் தெரியும். ஆதலின் ஜப்பானியத் தச்சரின் நுண்ணிய கைத்திறனே அவ்வீட்டைச் செய்தது எனலாம்.

ஜப்பானில் அவர் கட்டியவற்றுள் நம்மனோர் சிறப்பாக அறியத்தக்கது டோக்கியோ மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியாகும். சீர்திருத்தச் சபைகள் பல கூடி 1918-இல் நிறுவிய அக்கல்லூரியின் வளாகத்தைத் திட்டமிட்டவர் ரேமண்டே. 1938-இல் நிறைவேறிய அதன் ஜெபாலயம், லெ ரென்சித் தேவாலயத்தை முன்மாதிரியாகக் கொண்டது. கான்கிரீட்டால் பின்னல் வேலைபோல் வார்த்த சுவர்களினூடே வண்ணக் கண்ணாடி பதித்திருத்தலின், உள்ளே புகுவார்மேல் பலநிற ஒளி பொழிகின்றது. விலையுயர்ந்த கல்லின்றி, மணலும் சல்லியும் சிமெண்டும் கொண்டே இறைவழிபாட்டுக்குரிய அழகு பிறத்தல் கூடும் என்பதற்கு அது சான்றாய் நிற்கிறது.

புதுச்சேரிக் கோல்கொண்டா

அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்து அடியார்கள் தங்குதற்கு ஓர் இல்லம் வேண்டியிருந்தது. அவ்வாசிரமத்தில் பவித்திரா என்று பெயர் பூண்டு வாழ்ந்த பிலிப் பார்பியே சென்-இலேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலார் முன்னாளில் ஜப்பானில் வாழ்ந்தவர். அத்தொடர்பினால் இப்பணி ரேமண்டிடம் வந்தது. ஹைதராபாத் அரசின் திவான் அக்பர் ஹைதரி வாயிலாகப் பொருளுதவி கிடைத்தமையின், அந்நகரை அடுத்த கோட்டையின் பெயரே இவ்வில்லத்திற்குக் கோல்கொண்டா என வழங்கலாயிற்று.

ரேமண்டின் நிலையத்திலிருந்து ஜார்ஜ் நக்கஷிமா 1937-இல் புதுச்சேரி வந்தார். பிரான்டிசெக் சாமெர் என்னும் செக் நாட்டவரும் உடன் சேர்ந்தார். ரேமண்டும் துணைவியாரும் 1938-இல் ஜப்பானை நீங்கி இங்கு வந்து சில மாதம் தங்கினர். நக்கஷிமா ஆசிரமத்து அடியாராகவே ஆகிச் சுந்தரானந்தர் என்னும் பெயர் பெற்றார். பின்னாளில் அமெரிக்காவில் மரத்தச்சுக் கலையில் பெரும்புகழ் எய்தியவர் அவரே.

புதுச்சேரியின் வெயிலும் புழுக்கமும் நாம் அறிந்தவை. அவற்றை வெல்லக் கையாண்ட வழிகளைக் காண்க. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கின. அப்பக்கங்களில் சன்னலும் சுவரும் வைப்பதற்கு மாறாகச் சிமெண்டுக் கலவையாலான கிடைப்பலகைகள் நிரல்பட அமைந்தன. அவற்றைச் சாய்த்தும் நிமிர்த்தியும் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்விடலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே இடைவெளியுடைய தேக்குச் சட்டக் கதவுகள் நின்றன. அவை மறைவும் தரும், காற்றும் தரும். கூரையோ இரண்டு. கான்கிரீட் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கினர். மேலோடு வெயிலைத் தாங்க, இடையே ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோக, அடித்தளம் குளிர்ந்திருக்கும். தரைக்குக் கடப்பைக் கல் பரப்பினர். மின்விசை கொண்டு குளிரூட்டாமலே அவ்வில்லம் இன்றளவும் குளிர்ந்திருத்தலின் மறை இதுவே.

வேலை நடந்த முறையும் வியப்புக்குரியது. முதற்கண் ஓர் அறையை உள்ள அளவிலேயே மாதிரியாகக் கட்டிச் சோதித்தனர். பின்னர்க் கூலியாட்களோடு அடியார்களும் கம்பி கட்டினர்; கலவை சுமந்தனர். பித்தளைத் தாழ்களையும் கைப்பிடிகளையும் ஆசிரமத்திலேயே வார்த்தனர். விரைவு என்பதொன்றே ஆங்கு இல்லை. செம்மை ஒன்றே குறிக்கோளாய் இருந்தது. காலத்தையும் பணத்தையும் கணக்கிட்டே பழகிய ரேமண்டுக்கு இது புதிய அனுபவம். இரண்டாம் உலகப் போரின் இடையிலும் வேலை தொடர்ந்தது. சாமெரும் 1942-இல் போர்ப்படை சேர்ந்து அகன்றார். இடர் பலவற்றினூடே 1940-களின் முற்பகுதியில் இல்லம் உருப்பெற்றது. இந்தியாவில் எழுந்த புதுநெறிக் கான்கிரீட் கட்டடங்களுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. சண்டிகர் நகருக்கு லெ கொர்பூசியே வருதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இது தோன்றிவிட்டது.

மறைக்கலாகாத ஒன்று

பெரியார் வாழ்க்கையை எழுதுவோர் அவர்தம் புகழையே கூறிக் குறையை மறைத்தல் வழக்கம். பூச்சை விலக்கிய ஒருவரின் வரலாற்றில் அங்ஙனம் செய்தல் பொருந்தாது. ரேமண்ட் அமெரிக்கா திரும்பியபின் ஜப்பானோடு போர் மூண்டது. ஜப்பானியர் வீடு எங்ஙனம் தீப்பற்றும் என்று அறிய, அமெரிக்கப் படையினர் 1943-இல் யூட்டா மாநிலத்து டக்வே என்னும் பாலைநிலத்தில் மாதிரிக் குடியிருப்பு ஒன்றை அமைத்தனர். தொழிலாளர் வீடுகளைப் பாய், சட்டம், சுவர் ஈறாக ஒன்றும் பிழையாமல் வகுத்துக் கொடுத்தவர் ரேமண்ட். அவற்றின்மேல் எரிகுண்டுகளை இட்டுச் சோதித்தனர். 1945-ஆம் ஆண்டு மார்ச் 9, 10 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் டோக்கியோவின்மேல் அத்தகைய குண்டுகள் பொழிந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் ஓரிரவில் மாண்டனர்.

அந்நகரில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். நெருப்பினின்று அம்மக்களைக் காக்கவே கான்கிரீட்டைக் கைக்கொண்டவர். உழவர் வீட்டின் எளிமையை ஆசானாகக் கொண்டவர். அவ்வறிவே அவ்வீடுகளை எரித்தற்குக் கருவியாயிற்று. போரை விரைவில் முடித்தற்கு அது வழி என்று அவர் கருதினார். உள்ளம் நோவாமல் அதனைச் செய்யவில்லை என்றும் பின்னாளில் எழுதினார். அது போதிய விடையாகுமா என்பதை யாம் இங்குத் தீர்ப்பிடப் புகவில்லை. ஆயினும் அவர் வரலாற்றில் இவ்விரிசல் உளது. அதன்மேல் வெள்ளையடித்தல் தகாது.

முதுமைக் காலம்

1948-இல் ரேமண்ட் மீண்டும் ஜப்பான் சென்றார். எரிந்த நகரில் அவருடைய நிலையம் மறுபடியும் தழைத்தது. 1951-இல் அரண்மனைக்கு எதிரே ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனத்திற்கு ஒரு மாளிகை அமைத்து ஜப்பானியக் கட்டடக்கலைச் சங்கத்தின் பரிசு பெற்றார். 1961-இல் தக்கசாக்கி நகரில் குன்மா இசையரங்கை முடித்தார். மடித்த தாள் தன் மடிப்பினாலே விறைப்பாய் நிற்றல்போல, மெல்லிய கான்கிரீட்டை மடிப்பு மடிப்பாக வார்த்துத் தூணில்லாப் பேரவையை ஆங்கே ஆக்கினார். அந்நகர மக்கள் பலர் தந்த நன்கொடையும் அதிற் சேர்ந்தது. 1973-இல் ஓய்வு பெற்று அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலிருந்த தம் பண்ணைக்குச் சென்றார். 1976-இல் தமது எண்பத்தெட்டாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். நோயெமி அம்மையாரும் 1980-இல் மறைந்தார்.

நின்றவையும் அழிந்தவையும்

இனி, அவர் கட்டடங்கள் அவருக்குப்பின் எய்திய நிலையைக் காண்போம். ரீடர்ஸ் டைஜஸ்ட் மாளிகை பன்னிரண்டு ஆண்டுகளே நின்றது. நிலத்தின் விலை ஏறினமையால் பெரிய மாளிகைக்கு இடம்விட்டு 1963-இல் இடிபட்டது. டோக்கியோ மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஜெபாலயம் இன்றும் வழிபாட்டுக்குரியதாய் நிற்கிறது. அவர் கட்டிய பழைய மாணவியர் விடுதியும் உடற்பயிற்சிக் கூடமுமோ, முன்னாள் மாணவியரும் கலைஞரும் வேண்டியும், 2007-இலும் 2009-இலும் இடிக்கப்பட்டன. நம் நாட்டிலும் 1972-இல் புதுடில்லியில் எழுந்த தேசங்களின் மண்டபம் என்னும் கான்கிரீட் அரங்கம் 2017 ஏப்ரலில் ஓரிரவில் தகர்க்கப்பட்டதை நாம் அறிவோம்.

கான்கிரீட் கெடுதற்குக் காரணம் யாது? சிமெண்டு நீருடன் கூடி இறுகும்போது உள்ளே காரத்தன்மை மிகும். அக்காரம் சூழ்ந்துள்ளவரை கம்பி துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகளின் வழியே புகுந்து, அக்காரத்தைப் புறத்திலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்போ இன்னும் விரைந்து கெடுக்கும். காவல் நீங்கிய கம்பியில் நீர் பட்டால் துரு எழும். துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடம் வேண்டுவது. ஆதலின் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை நெருக்கிப் பிளக்கும். முற்கால வேலைகளில் கம்பியின்மேல் மூடிய கனம் குறைவாயிருந்தமையால் இக்கேடு அவற்றுக்கு விரைவில் வரும்.

பழுது தீர்ப்போர் முதலிற் செய்வது நோய் அறிதல். சுத்தியலால் தட்டி ஓசை கேட்பர். உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் என்னும் நீர்மத்தைத் தெளிப்பர். காரமுள்ள இடம் செந்நிறமாகும், காரமற்ற இடம் நிறம் மாறாது. பின்னர்க் கெட்ட பகுதியைக் கம்பியின் பின்புறம் வரை வெட்டியெடுத்து, கம்பியைத் துருவற விளக்கிக் காப்பு பூசிப் புதுக்கலவை நிரப்புவர். பூச்சுள்ள கட்டடமாயின் வேலை இத்துடன் முடியும். பூச்சில்லாச் சுவருக்கோ இனித்தான் தொல்லை. பழைய மணலின் நிறமும் சல்லியின் அளவும் பலகையின் மரவரியும் புதிய ஒட்டில் பொருந்துதல் வேண்டும். ஆதலின் கண்ணிற் படாத மூலையில் பலமுறை மாதிரி செய்து, உலர்ந்து வெளுத்தபின் ஒப்பிட்டே முகப்பில் கை வைப்பர். இவ்வருமையைப் பொறாதார், மேலே முழுதும் வண்ணம் அடித்துவிடுவர். வண்ணம் பழுதை மறைக்கும். கலைஞரின் கருத்தையும் உடன் மறைக்கும்.

கடற்கரைக்கு மிக அண்மையில் உப்புக் காற்றிலே நிற்கும் கோல்கொண்டா, எண்பது ஆண்டுகள் கடந்தும் கட்டிய நாளின் பயனையே இன்றும் தருகின்றது. கட்டும்போது காட்டிய செம்மை ஒரு காரணம். மற்றொன்று, நாள்தோறும் செய்யும் பேணுதல். தரை துடைத்தலும் பலகைகளின் தூசு நீக்கலும் கதவுகளைப் பேணுதலும் ஆங்கே வேலைக்காரருக்கு விட்ட தொழிலல்ல. உறைவோர் அனைவர்க்கும் உரிய ஒழுக்கம். சிறு விரிசல் பெரும்பிளவாகும்வரை காத்திருக்க அவ்வொழுக்கம் இடந்தருவதில்லை.

இதனை நோக்கும்போது நம் முன்னோர் நினைவு வருகிறது. தாழையூத்தில் 1949-இல் சிமெண்டு ஆலை வேலை தொடங்குமுன் தாமிரபரணிக் கரையில் எழுந்த வீடுகள் பல சுண்ணாம்புக் காரையாலானவை. காரை வலிவற்றது என்று அறிந்தே, ஆண்டுதோறும் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஏணி சார்த்தி ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்து அவர்கள் பழுது தீர்த்தனர். வலிவுடையது வந்தபின் நாம் பார்ப்பதையே விட்டுவிட்டோம். பேட்டையில் எங்கள் திண்ணைமேல் விழுந்தது அவ்வாறு விட்டதன் பயனே.

இவ்வாண்டு கொத்தனார் எங்கள் சன்ஷேடின் பழங்காரை முழுதும் நீக்கிக் கம்பியை விளக்கிப் புதுக்கலவை இட்டுச் சென்றார். இனி ஆண்டுக்கொருமுறை ஏணி சார்த்திச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பொறுப்பை எம் தந்தையார் எமக்கு அளித்திருக்கிறார். நம் கல்லூரியின் விடுதிகளிலும் வகுப்புக் கட்டடங்களிலும் கான்கிரீட் உளது. படிக்கட்டின் அடியிலோ மாடத்தின் விளிம்பிலோ மயிர்க்கோடுபோல் ஒரு விரிசல் காணும் மாணவர், அதனை உரியவர்க்கு அன்றே அறிவிப்பாராக. ரேமண்டின் கட்டடங்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவேயாகும்.